பத்தரை மணி அழுத்தம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் கண் ஃபைலை முழுசாக உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஆறு வருஷம், பதினேழு விசிட். ஒவ்வொரு விசிட்டிலும் இரண்டு எண்கள், வலது கண்ணுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று: 16/15, 14/16, 17/15. ஒருமுறைகூட 18-ஐத் தாண்டவில்லை. "பிரஷர் கன்ட்ரோல்ல இருக்கு, சொட்டு மருந்தைத் தொடருங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார்கள். அதே ஆறு வருஷத்தில் இடது கண்ணின் ஃபீல்ட் டெஸ்ட் படத்தில் மேல்பக்கம் இருந்த சின்னக் கறுப்புத் திட்டு மெல்ல மெல்ல வில் மாதிரி வளைந்து மூக்குப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் டாக்டராக இல்லாதவருக்கும் தெரியும். ஒரு விசிட்டில் மட்டும், "அம்மா டெஸ்ட்டை ஒழுங்கா செய்யலை போல" என்று ஒரு குறிப்பு.

எண்களுக்குப் பக்கத்தில் நேரம் எழுதப்படவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனவன் நான்தானே. ஏழே முக்கால் பஸ், ஒன்பது மணி டோக்கன், பத்தரை வாக்கில் கண்ணில் மரப்பு மருந்து விட்டு, ஸ்லிட் லாம்ப்பில் தாடையை வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் அழுத்தம் பார்ப்பார்கள். பதினேழு தடவையும் கிட்டத்தட்ட பத்தரை. பதினேழு தடவையும் உட்கார்ந்தபடி. ஆக, எங்களிடம் இருப்பது அம்மாவின் கண் அழுத்தம் இல்லை. காலை பத்தரைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண் அழுத்தம்.

இந்தக் கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம் படித்த பிறகு கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்த நகர்வைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால், ஒரு தெளிந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் இல்லை, இது உள்ளே ஓடுவது. அக்வஸ் என்பார்கள். விழித்திருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் இரண்டரை மைக்ரோலிட்டர் சுரக்கிறது. அதாவது ஒரு சொட்டில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். சுரந்தது ஒரு சல்லடை வழியாக வடிந்து, கண்ணின் வெண்பகுதி மேல் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களில் போய்ச் சேர்கிறது. அந்த ரத்தக் குழாய்களிலும் ஒரு அழுத்தம் இருக்கிறது, எட்டு ஒன்பது மில்லிமீட்டர் பாதரசம். அந்த எதிர் அழுத்தத்தை மீறித்தான் திரவம் வெளியே போகவேண்டும். எவ்வளவு சுரக்கிறது, எவ்வளவு சுலபமாக வடிகிறது, வடிகாலுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு எதிர்ப்பு. இந்த மூன்றும் சேர்ந்துதான் கண் அழுத்தம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஹான்ஸ் கோல்ட்மன் இதை ஒரு சமன்பாடாக எழுதினார். ஊரெல்லாம் கண் மருத்துவமனைகளில் இன்றைக்கும் அழுத்தம் பார்க்கும் அந்த டோனோமீட்டரைக் கொடுத்ததும் அவரேதான், 1957 வாக்கில்.

அந்தக் கருவி ஸ்லிட் லாம்ப்போடு பொருத்தப்பட்டது. நோயாளி உட்கார்ந்திருந்தால்தான் அளக்க முடியும். இது மருத்துவ முடிவு ஒன்றும் இல்லை, மேஜை நாற்காலி விவகாரம். ஆனால் அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கண் அழுத்தம் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி சேர்ந்ததுதான்.

21 என்ற எண்ணுக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. 1958-இல் லைடெக்கரும் சகாக்களும் ஜெர்மனியில் பத்தாயிரம் பேரின் கண் அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி பதினைந்தரையை ஒட்டி வந்தது. அதோடு திட்ட விலக்கத்தை இரண்டு தடவை கூட்டினால் 20.5, முழுமைப்படுத்தினால் 21. அதாவது 21 என்பது நரம்பு சேதமடையத் தொடங்கும் இடம் இல்லை, கூட்டத்தில் அரிதாகிற இடம். ஆறரை அடி உயரம் அரிது என்பதால் அது வியாதி ஆகிவிடுமா? ஜப்பானின் தஜிமி நகரத்தில் நடந்த கணக்கெடுப்பில், திறந்தகோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21-க்கு உள்ளேதான் இருந்தது. நம்ம ஊரில் சென்னை கிளாக்கோமா ஆய்வு, நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நடந்தது. அதிலும் நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அளந்த அன்று அழுத்தம் "நார்மல்". இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: அளந்த அன்று, அளந்த நேரத்தில் நார்மல். மற்ற நேரத்தில்?

ராத்திரி விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது "கண் அழுத்தம் இரவில்தான் உச்சத்துக்குப் போகிறது, டாக்டர் பார்ப்பது பகலில், அதனால்தான் தெரிவதில்லை" என்ற வகையான பேச்சு. முழுப் பொய் இல்லை. ஆனால் எது எதைச் செய்கிறது என்பதில் பெரிய குழப்படி இருக்கிறது.

தூங்கும்போது அக்வஸ் சுரப்பு பாதியாகக் குறைகிறது. இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அப்படியானால் கோல்ட்மன் சமன்பாட்டின்படி அழுத்தம் குறையவேண்டும். தோராயமாகக் கணக்குப் போடலாம். பகலில் சுரப்பு 2.4, வடிதிறன் 0.3 என்றால் வகுத்தால் 8. அதோடு ரத்தக் குழாய் அழுத்தம் 8 சேர்த்தால் 16. தூக்கத்தில் சுரப்பு 1.2, வகுத்தால் 4, கூட்டினால் 12. நான்கு புள்ளி இறங்கவேண்டும். ஆனால் தூக்கத்தில் எழுப்பி அளந்தால் பலருக்கு ஏறியிருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது சான் டியேகோவில் ஜான் லியு குழு 1998-இல் வெளியிட்ட கட்டுரை. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு நாள் முழுக்க ஆய்வகத்திலேயே வைத்து, பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் இருட்டு என்று ஏற்பாடு செய்து, இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்தார்கள். பகலில் உட்கார்ந்து, இரவில் படுத்து என்று, அதாவது வாழ்க்கையில் நடப்பது மாதிரியே அளந்தால் இரவில் தெளிவான ஏற்றம். அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவர்கள் செய்தது. பகலிலும் படுக்கவைத்தே அளந்தார்கள். இப்போது இரவு ஏற்றம் நன்றாகச் சுருங்கிவிட்டது. மறைந்துவிடவில்லை, ஆனால் சுருங்கிவிட்டது.

அதாவது, "இரவு ஏற்றம்" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இரவினுடையது இல்லை, படுக்கையினுடையது. படுத்தால் தலைக்கும் இதயத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் போய்விடுகிறது. கண்ணின் வடிகால் ரத்தக் குழாய்களில் அழுத்தம் மூன்று நான்கு புள்ளி கூடுகிறது. வடிகால் எதிர்ப்பு கூடினால் உள்ளேயும் கூடும். மத்தியானம் இரண்டு மணிக்கு சோபாவில் சாய்ந்தாலும் இது நடக்கும். கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் பின்னால் வந்த ஏராளமான மேற்கோள்களில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போய்விட்டது. "இரவில் கண் அழுத்தம் உயர்கிறது (லியு 1998)" என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது. கட்டுரையின் தலைப்பிலும் "இரவு ஏற்றம்" என்றுதான் இருக்கிறது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே குழு 2003-இல் கிளாக்கோமா தொடங்கிய நோயாளிகளை, மருந்து தொடங்கும் முன், இதே முறையில் பார்த்தது. அங்கே விஷயம் இன்னும் சுவாரசியம். படுத்தபடி எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிட்டால், ஆரோக்கியமானவர்களுக்கு இரவில் ஏறுகிறது, நோயாளிகளுக்கு இரவில் இறங்குகிறது! நோயாளியின் கண் பகலிலேயே படுத்தால் எகிறுகிறது. இப்படி இருக்கும்போது "நோயாளிக்கு இரவு ஆபத்து" என்று பொதுவாகச் சொல்வதற்கு என்ன அர்த்தம்? நிலை என்ற ஒன்றையும் நேரம் என்ற ஒன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டுப் பையின் எடையை மட்டும் சொல்வது மாதிரி.

இன்னொன்று. இரவு அளவு என்பது தூங்குபவரின் அளவு இல்லை, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரின் அளவு. எழுப்பி, இமையைத் திறந்து, மரப்பு மருந்து விட்டு, கருவியை வைத்து அளந்தது. நல்ல ஆய்வகங்கள் இதை ஒப்புக்கொண்டே எழுதுகின்றன. சுருக்கி எழுதுபவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.

உடல் நிலை விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். சமாசாரம் நிறைய இருக்கிறது. உட்கார்ந்ததிலிருந்து மல்லாந்து படுத்தால் இரண்டிலிருந்து நான்கு புள்ளி கூடும். ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் கண்ணில் இன்னும் ஒன்றிரண்டு. கழுத்து டையை இறுக்கக் கட்டினால் கூடும் (2003-இல் நியூயார்க்கில் இதையும் அளந்து பார்த்தார்கள்). டிரம்பெட் மாதிரி எதிர்ப்பு அதிகமான ஊதுகருவி வாசித்தால் கூடும். குனிந்து கைகால் ஊன்றி நிற்கும் அதோமுக ஸ்வானாசனத்தில், 2015-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், 17-லிருந்து 28-க்குப் போனது.

எல்லாவற்றுக்கும் மேல் சிரசாசனம். இதை உருப்படியாக அளந்து பார்த்தது சென்னை சங்கர நேத்ராலயாவில்தான். பாஸ்கரனும் சகாக்களும் 2006-இல் வெளியிட்டார்கள். யோகா செய்பவர்கள் 75 பேர். தலைகீழாக நின்றதும் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்கு. எல்லா வயதினருக்கும் அப்படியே. நிற்கும்வரை இறங்கவில்லை. ஆய்வு வந்ததிலிருந்து "சிரசாசனம் செய்தால் கண் போகும்" என்பது பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் வழக்கமான வரி ஆகிவிட்டது. ஆனால் அதே கட்டுரையின் முடிவுரையில் இன்னொன்றும் இருக்கிறது: அந்த யோகா பயிற்சியாளர்களிடையே சாதாரண நிலையில் கண் அழுத்தம் அதிகமாக இருப்பவர்களின் விகிதம் கூடுதலாகக் காணப்படவில்லை. தினம் தினம் இருமடங்கு ஏற்றியும்!

இதிலிருந்து சிரசாசனம் பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே கிளாக்கோமா இருந்து, தலைகீழாக நின்று நிலைமை மோசமானவர்களைப் பற்றித் தனித்தனி நோயாளி அறிக்கைகள் இருக்கின்றன. பார்வை நரம்பு சேதமானவர்கள் அதைத் தவிர்க்கவேண்டும் என்பது நியாயமான அறிவுரை. நான் சொல்ல வருவது வேறு. சில நிமிஷ ஏற்றமும், பல வருஷ சேதமும் ஒன்றோடொன்று நேராகக் கட்டப்பட்டவை இல்லை. ஒன்றை அளந்துவிட்டு மற்றதை நிரூபித்துவிட்டதாக எழுதக்கூடாது. "அழுத்தம் ஏறியது" என்பது அளவு. "அதனால் நரம்பு போயிற்று" என்பது வாதம். அதற்குத் தனிச் சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி இருக்கிறதா? இங்கேதான் என் கோபத்தில் பாதி போனது.

கிளாக்கோமா சிகிச்சை பலன் தருகிறது என்று நிரூபித்த பெரிய ஆய்வுகள் எல்லாமே பகல் நேர, உட்கார்ந்த நிலை அளவுகளை வைத்து நடந்தவை. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வில், அழுத்தம் அதிகமாக இருந்து நரம்பு இன்னும் சேதமாகாத 1636 பேர். சொட்டு மருந்து கொடுத்த பிரிவில் ஐந்து வருஷத்தில் நோய் வந்தவர்கள் 4.4 சதவீதம், கொடுக்காத பிரிவில் 9.5. சுவீடனில் நடந்த ஆய்வில், ஒரு புள்ளி அழுத்தம் குறைந்தால் நோய் வளரும் அபாயம் பத்து சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று கண்டார்கள். எந்த அளவில் ஒரு புள்ளி? ஓ.பி.-யில், பகலில், நாற்காலியில் எடுத்த அளவில். அந்த எண் வெறும் குப்பை என்றால் இந்த ஆய்வுகள் எதுவும் ஓடியிருக்காது. மழுங்கிய கத்திதான். ஆனால் வெட்டியிருக்கிறது.

சரி, ஏற்ற இறக்கம் தனியாகக் கெடுதல் செய்கிறதா? இதில்தான் ஆய்வுலகம் செய்யும் இரண்டாவது குழப்படி. "ஏற்ற இறக்கம்" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, ஒரு நாளுக்குள் நடப்பது. இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. 2004-இல் ஒரு அமெரிக்க ஆய்வின் தரவுகளை அலசியவர்கள் இரண்டாவது வகை ஏற்ற இறக்கம் ஆபத்து என்றார்கள். 2007-இல் சுவீடன் தரவுகளை அலசியவர்கள் அப்படி எதுவும் இல்லை, சராசரிதான் முக்கியம் என்றார்கள். முரண்பாடா? பெருமளவுக்கு இல்லை. முதல் அலசலில், நோய் மோசமான பிறகு எடுத்த அளவுகளும் சேர்ந்திருந்தன. நோய் மோசமானால் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், அறுவை சிகிச்சைகூடச் செய்வார், அழுத்தம் தடாலென்று இறங்கும், ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும். அதாவது நோய்தான் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. சுவீடன்காரர்கள் மோசமான தேதியோடு கணக்கை நிறுத்திக்கொண்டார்கள். காரணமும் விளைவும் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக் கம்பெனி விளம்பரத்தாள்களில் "ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்" என்று வரும்போது எந்த ஏற்ற இறக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாளுக்குள் நடப்பதைப் பற்றிய நல்ல சாட்சி என்று எனக்குப் படுவது அஸ்ரானியும் சகாக்களும் 2000-இல் வெளியிட்டது. 64 நோயாளிகள், வீட்டிலேயே தாங்களே ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஐந்து நாள் அளந்துகொண்டார்கள். பிறகு ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஓ.பி. அளவு ஒரே மாதிரி இருந்தவர்களிடையிலும் வீட்டு அளவில் வீச்சு அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் ஃபீல்ட் அதிகம் மோசமானது. இது என் பத்தரை மணிச் சந்தேகத்துக்கு ஆதரவான சாட்சிதான். ஆனால் கவனியுங்கள்: அவர்கள் அளந்தது விழித்திருக்கும் நேரத்தில். நள்ளிரவு பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இதைப் போய் "இரவு ஏற்றம் நரம்பைக் கெடுக்கிறது" என்பதற்கு மேற்கோளாகப் போடுகிறார்கள்.

அப்போ ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டால் ஆயிற்றே? சில இடங்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரவைத்து இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து வளைகோடு போட்டுத் தருகிறார்கள். நானும் அம்மாவுக்கு அதைச் செய்யவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டோனி ரியலினியும் சகாக்களும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கும்வரை. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை அளந்து, ஒரு வாரம் கழித்து அதே ஆட்களை அதே மாதிரி மறுபடியும் அளந்தார்கள். 2010-இல் ஆரோக்கியமானவர்கள், 2011-இல் கிளாக்கோமா நோயாளிகள். இரண்டு நாளின் வளைகோடுகளும் ஒத்துப்போகவில்லை. போன வாரம் காலையில் உச்சம் இருந்தவருக்கு இந்த வாரம் மத்தியானம் உச்சம். ஆக ஒரு நாள் வளைகோடு என்பது பல புள்ளிகள் உள்ள ஒற்றைப் புள்ளி. நிறைய மை, அதே அறியாமை. "உங்களுக்குக் காலை ஆறு மணிக்கு உச்சம்" என்று ஒருவருடைய கண்ணுக்கு ஜாதகம் எழுதித் தருவதற்கு ஆதாரம் இல்லை.

கருவிகளும் வந்துவிட்டன. கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கக்கூடிய கான்டாக்ட் லென்ஸ், டிரிகர்ஃபிஷ், 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருபத்துநாலு மணி நேரமும், தூங்குபவரை எழுப்பாமல் பதிவு செய்யும். படிக்கும்போது புல்லரிக்கிறது. ஆனால் அது அழுத்தத்தை அளக்கவில்லை. கருவிழி ஓரத்தில் ஏற்படும் நுண்ணிய விரிவைத் தன் சொந்த அலகில் பதிகிறது. மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மாற்ற முடியாது. அந்தப் பதிவின் சில அம்சங்களுக்கும் ஃபீல்ட் மோசமாவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை "இரவு அழுத்தம்" என்று எழுதுவது மட்டும் வேண்டாமே.

ரத்த ஓட்டக் கணக்கிலும் ஒரு ஓட்டை. இரவில் ரத்த அழுத்தம் இறங்குகிறது, கண் அழுத்தம் ஏறுகிறது, ஆகவே நரம்புக்கு ரத்தம் போவது குறைகிறது என்பது பிரபலமான வாதம். சராசரி ரத்த அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, கண் அழுத்தத்தைக் கழிப்பார்கள். அந்த மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்தது? உட்கார்ந்திருக்கும்போது கண் இதயத்துக்கு மேலே இருப்பதால் ஏற்படும் இழப்புக்காக. படுத்தால் அந்த உயரம் இல்லை. படுத்த நிலைக்குத் தனி வாய்பாடு இருக்கிறது, அதில் இழப்பு மிகக் குறைவு. உட்கார்ந்த வாய்பாட்டைப் படுத்தவருக்குப் போட்டால் ரத்த ஓட்டம் இல்லாத அளவுக்குக் குறைந்ததாகத் தெரியும். மறுபடியும் அதே நாற்காலி.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது என்ன? இரவை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக உறுதியான காரணம் மருந்துப் பக்கத்திலிருந்து வருகிறது. அம்மா போட்டுக்கொண்டிருந்தது டிமோலால், காலையும் மாலையும். டிமோலால் அக்வஸ் சுரப்பைக் குறைக்கும் மருந்து. தூக்கத்தில் சுரப்பு ஏற்கெனவே பாதி. மேற்கொண்டு குறைக்க அதற்கு அங்கே ஏறக்குறைய வேலையே இல்லை. இது 1980-களிலேயே தெரிந்த விஷயம். பிரிமோனிடினும் இரவில் இப்படித்தான். லட்டனோபிராஸ்ட் வகை மருந்துகள் வடிகால் பக்கம் வேலை செய்வதால் இரவிலும் குறைக்கின்றன. ஆக பத்தரை மணிக்கு அளந்தால் இரண்டு மருந்தும் நல்ல பெயர் வாங்கும். வித்தியாசம் அந்த நேரத்தில் தெரியாது. (காலைச் சொட்டு மருந்தை எட்டு மணிக்குப் போட்டுவிட்டு பத்தரைக்கு அளந்தால் மருந்து உச்சத்தில் இருக்கும்போது அளக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, மற்ற நாளில் மறக்கும் நோயாளிகள் விசிட்டுக்கு முந்தின நாள் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்பதை 1986-இலேயே புட்டியில் மின்னணுக் கருவி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மா அப்படி இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்.)

என் மீதிக் கோபம் எங்கே நகர்ந்தது என்று சொன்னேனே. அது பத்தரை மணி மேல் இல்லை. பத்தரை மணி எண்ணை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டதன் மேல். ஃபீல்ட் படம் மோசமாகிக்கொண்டே போகிறது, அழுத்தம் 16 என்று காட்டுகிறது. இரண்டும் முரண்பட்டபோது, 16 நார்மல் என்பதால் படத்தைச் சந்தேகித்தார்கள், "அம்மா டெஸ்ட்டை ஒழுங்கா செய்யலை" என்றார்கள். நரம்பு மோசமாகிறது என்றால் 16 அந்தக் கண்ணுக்கு அதிகம் என்று அர்த்தம், அது பத்தரைக்கு 16 ஆக இருந்தாலும் சரி, நாள் முழுக்க 16 ஆக இருந்தாலும் சரி. இதைச் சொல்ல இரவு ஆய்வகமும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம். கிளாக்கோமா பாடப்புத்தகங்களே இதைத்தான் சொல்கின்றன, ஒவ்வொரு கண்ணுக்கும் தனி இலக்கு என்று.

வேறொரு மருத்துவமனைக்கு ஐந்து படங்களையும் எடுத்துக்கொண்டு போனோம். இந்த முறை வேண்டுமென்றே சாயங்கால டோக்கன் வாங்கினேன். அங்கிருந்த டாக்டரம்மா அழுத்த எண்களைப் பார்க்கும் முன்னால் படங்களைத்தான் மேஜையில் பரப்பிப் பார்த்தார். இலக்கை 12-க்கு இறக்கி, இரவில் ஒரு லட்டனோபிராஸ்ட் சேர்த்தார். அம்மா வலதுபக்கம் ஒருக்களித்து, பாயில், தட்டையான ஒரு தலையணையில் தூங்குபவர் என்று நான் ஆரம்பித்தேன், கீழே இருக்கும் கண்ணைப் பற்றிப் படித்ததையெல்லாம் கொட்டலாம் என்று. "மோசமானது இடது கண்தானே?" என்றார் சிரித்துக்கொண்டே. வாயை மூடிக்கொண்டேன். தலைப்பக்கக் கட்டிலை முப்பது டிகிரி உயர்த்திப் படுத்தால் சுமார் மூன்று புள்ளி குறைந்ததாக 2010-இல் ஒரு சின்ன ஆய்வு வந்ததைக் கேட்டேன். செய்யலாம், கெடுதல் இல்லை, ஆனால் அதற்குப் பார்வை காப்பாற்றப்படுகிறது என்று யாரும் காட்டவில்லை, கழுத்து வலி வந்தால் விட்டுவிடுங்கள் என்றார்.

படுத்த நிலையில் ஒருமுறை அளந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டேன். பகலில் படுக்கவைத்து அளந்தாலே இரவு உச்சத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்று சான் டியேகோ குழுவே 2005-இல் எழுதியிருந்தது. பக்கத்து அறைக் கட்டிலில் அம்மாவைப் பத்து நிமிஷம் மல்லாந்து படுக்கச் சொல்லி, கையில் பிடிக்கும் டோனோமீட்டரால் பயிற்சி டாக்டர் பெண் அளந்தார். உட்கார்ந்தபோது 15, படுத்தபோது 19. ஒரே ஒரு அளவு, வேறு கருவி, அதை வைத்து எதையும் கட்டமுடியாது என்று இரண்டு பக்கம் மேலே நானே எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் ஃபைலில் எழுதினார்: படுத்த நிலை, மாலை 4.20. ஆறு வருஷ ஃபைலில் நேரம் எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டார்: "படுக்கவச்சு அளந்தாங்களே, அதுக்குத் தனியா பீஸ் போட்டாங்களா?"

போடவில்லை.